தலைவர் சவரிமுத்துவின் சம்மதம்

1

காலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் இந்த ஊர் இருக்கிற இடம் தெரியாது. துறைமுகத்துக் கிரேன்களின் தலை மட்டும் அந்தரத்தில் நிற்கும். கப்பல் பட்டறைக்கு நடந்து போகிற வழியில் நான் அவற்றை அண்ணாந்து பார்ப்பேன். அடிப்பாகம் தெரியாததால் அவை எந்த ஊர்க் கிரேன்களாக வேண்டுமானாலும் இருக்கலாம் இல்லையா? எனக்கு அவை ராயபுரத்துக் கிரேன்கள்தான். அவற்றின் அடியில் கல்மண்டபம் ரோடு இருக்கும், மாதா கோயில் தெரு இருக்கும், நிலக்கரித் தூசி படிந்த வெள்ளைச் சட்டை கொடியில் ஆடும், யாரோ ஒருத்தி இட்லித் தட்டைக் கழுவித் தண்ணீரை வாசலில் வீசுவாள். என் பேண்ட் நனையாமல் ஒதுங்கி நடப்பேன். ஐஸில் கால் வழுக்கும்போதுதான் இது ஹாலிஃபாக்ஸ், கனடாவின் கிழக்கு ஓரம், நான் வந்து ஏழு வருடம் ஆகிவிட்டது என்பது ஞாபகத்துக்கு வரும்.

போன மாதம் ஜோசப்பு போன் செய்தான். நம் கடலோசை பேண்டு செட்டின் துணைத் தலைவர், கிளாரினெட்டுக்காரன். உங்களுக்கு அவனைத் தெரியாமலா இருக்கும்?

"பேண்டு ஆரம்பிச்ச நாளக் கொண்டாடுறோம் மாமு. மலரு ஒண்ணு போடுறோம். வெளிநாட்டு மேட்டரு ஏதாவது எழுதிக் குடேன்."

"எம்மாம் பெருசு எழுதணும்?"

"உன்னால எம்மாம் பெருசு முடியும்? அஞ்சாங்கிளாசுதானே நீ?"

ஐந்தாம் வகுப்புதான், மறைக்கவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் கல்மண்டபத்தில் வெல்டிங் பட்டறை போட்டேன். அதை வைத்துக்கொண்டுதான் எண்ணூரில் மூன்று பேர் வந்து பார்த்துக் கைவிரித்துப் போன கொதிகலனை மல்லாந்து படுத்து ஒட்டினேன். இங்கே கப்பல் பட்டறையில் தலைக்கு மேலே வெல்டிங் வைக்கிற வேலை என்றால் ஃபோர்மேன் என்னைத்தான் கூப்பிடுவான். பெயரைத் தப்பாகத்தான் கூப்பிடுவான், ஆனால் என்னைத்தான். எழுத்து மட்டும் எனக்குத் தண்ணி காட்டிவிடுமா?

ஆகையால் எழுதுகிறேன். கடலோசையின் ஹாலிஃபாக்ஸ் கிளை இந்த நாட்டு அரசாங்கத்திடம் கலை மானியம் கேட்ட கதை. மானியம் கிடைத்ததா இல்லையா என்பது நீங்கள் இதைப் படிக்கும்போது தெரிந்திருக்கும். கிடைத்திருந்தால் ஜோசப்பும் இன்னும் மூன்று பேரும் விழா மேடையில் மிதப்பாக நிற்பார்கள். எழுதுகிற எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் பணத்தைவிட வேறொன்று அதில் மாட்டிக்கொண்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

2

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நான் டிரம்பெட்டைத் தொடவே இல்லை. அபார்ட்மெண்டில் வாயில் வைத்தால் கீழ்வீட்டுக்காரன் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பான். ஒரு நாள் சர்ச் நிலவறையின் சாவியைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கினேன். கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் நின்று மாதா தேருக்கு வாசிக்கிற மார்ச்சை வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தால் உதட்டில் உப்புக் காற்று படுகிற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தபோது வாசலில் ஒருவர் தொப்பியில் பனியோடு நின்றார்.

"அண்ணை, ஆர் செத்தது?" என்றார்.

அவர்தான் குணம். யாழ்ப்பாணத்துக்காரர், பெட்ரோல் பங்கில் கல்லாவில் உட்காருகிறார். அவர் ஊரில் இதே மார்ச்சைச் சாவு ஊர்வலத்துக்குத்தான் வாசிப்பார்களாம். அடுத்த வாரம் அவர் ஒரு சைடு டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் மூன்று கோவாக்காரர்கள், ஒரு மலையாள நர்ஸ், ஓய்வு பெற்ற இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள் என்று ஒட்டிக்கொண்டே வந்தார்கள். ஒட்டுகிற வேலை நமக்குக் கைவந்ததுதானே? இரண்டு வருடத்தில் இந்த ஊரில் பேண்டு என்றால் நாங்கள்தான் என்று ஆகிவிட்டது. வேறு பேண்டும் இருக்கிறது. அவர்கள் நோட்டைப் பார்த்து வாசிப்பார்கள்.

ஜூலையில் இங்கே கடற்கரையோரம் பெரிய திருவிழா நடக்கும். ராயபுரத்திலிருந்து நாலு பேர் வந்து எங்களோடு நடந்தால் எப்படி இருக்கும் என்று குணம்தான் முதலில் சொன்னார். நினைத்தவன் நான், அது வேறு விஷயம். நாலு பேருக்கு விமான டிக்கெட் என்றால் எங்கள் கையில் ஏது? கலை வாரியம் என்று ஒன்று இருக்கிறது, பொதுப் பணத்தில் கலைகளுக்கு மானியம் கொடுப்பார்கள், ஆனால் தனி ஆளாகப் போய் நின்றால் ஆகாது, சங்கமாகத்தான் கேட்க வேண்டும் என்று கோவாக்காரர் ஒருவர் விசாரித்து வந்தார்.

சங்கம் என்றால் சட்டதிட்டம் வேண்டும், நிர்வாகக் குழு வேண்டும், கூட்டக் குறிப்புகள் வேண்டும், தலைவர் வேண்டும். எல்லாம் எங்களிடம் இருந்தது. தலைவர்கூட இருந்தார்.

3

சவரிமுத்து அண்ணனைப் பற்றி இப்போதைய பசங்களுக்குச் சொல்ல வேண்டும். ஜோசப்பின் கூடப்பிறந்த அண்ணன். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற கலாசி, பேண்டில் பெரிய டிரம். பேசுகிற ஆள் இல்லை. ஏதாவது கேட்டால் டிரம்மின் தோலை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருப்பார். கேட்ட கேள்வி நமக்கே மறந்து போகிற சமயத்தில் "சரி" என்பார், இல்லாவிட்டால் "வேணாம்" என்பார். அதற்குள் நம் கோபம் ஆறிப் போயிருக்கும். நான் இங்கே வருவதற்கு எட்டு வருடம் முன்பு மஞ்சள் காமாலையில் போய்விட்டார். காசிமேட்டுக் கல்லறை வரைக்கும் நாங்களே வாசித்துக்கொண்டு போனோம். பெரிய டிரம்மை மட்டும் அன்றைக்கு யாரும் தோளில் மாட்டவில்லை. அது இல்லாமல் நடக்க எங்களுக்குக் கால் ஒத்துவரவில்லை.

அவர் போன பிறகு நடந்த முதல் கூட்டத்தில் பெரிய தகராறு. இருக்கிற காசில் கீபோர்டு வாங்க வேண்டும் என்றான் ஜோசப்பு. பித்தளை வாத்தியங்களைச் சரி பண்ண வேண்டும் என்றேன் நான். அவன் என் சட்டையைப் பிடித்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன், என் பிடிதான் இறுக்கம். அப்போது யூஃபோனியம் செல்லையா, பழக்க தோஷத்தில், அண்ணன் எப்போதும் உட்காருகிற இரும்பு நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டான்.

"தலைவரே, கீபோர்டு மேட்டருக்கு நீங்க இன்னா சொல்றீங்க?"

கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டான். நாங்களும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தச் சத்தமில்லாத நேரத்தில் அவர் டிரம்மைத் தடவுகிற மாதிரியே இருந்தது. பிடித்த சட்டையைப் பிடித்தபடியே வைத்திருப்பது அசிங்கமாக இருந்ததால் இரண்டு பேரும் விட்டோம். கடைசியில் செல்லையாவே சொன்னான்: "வேணாம்னு சொல்லல. அப்ப சரிதான்."

கீபோர்டு வாங்கினோம். நான் தோற்றது அந்த ஒரு தடவைதான், அதுவும் அவரிடம்.

அதிலிருந்து அதுதான் கடலோசையின் முறை. எல்லாரும் பேசி முடித்தபின் தலைவரைக் கேட்போம். கேட்டுவிட்டால் யாரும் மூச்சு விடக்கூடாது. அவர் மறுக்காவிட்டால் தீர்மானம் பாஸ். நோட்டீஸில் தலைவர்: சவரிமுத்து. அமரர் என்று போடுவதில்லை. வாக்காளர் பட்டியலிலும் அவர் ரொம்ப நாள் இருந்தார், அதனால் எங்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஹாலிஃபாக்ஸில் கிளை ஆரம்பித்தபோது இங்கேயும் நிலவறையில் ஒரு நாற்காலி போட்டேன். கிளைக்கென்று தனியாக ஒரு தலைவர் எதற்கு? வெள்ளைக்காரக் கிழவர்கள் காரணம் கேட்டார்கள், சொன்னோம், தலையாட்டினார்கள். அவர்களுக்கும் செத்துப்போன சிநேகிதர்கள் உண்டு.

4

விண்ணப்பத்தை நிரப்பியது என் மகள் ஸ்டெல்லா. வரும்போது பத்து வயது, இப்போது பதினேழு. நம் ஊர் வெயிலில் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பாண்டி ஆடிய பெண், இங்கே காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறாள். "உங்க பேண்டு" என்றுதான் சொல்வாள். "நம்ம" என்று ஒரு நாளும் வராது. ஒத்திகைக்கு வந்ததே இல்லை. ஆனால் அந்தத் தாள்களுக்காகச் சில ஞாயிற்றுக்கிழமைகள் சமையலறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அதற்காகவே இன்னும் நாலு கேள்வி கூடக் கேட்டிருக்கலாம் இந்த அரசாங்கம்.

"உங்க கலை நோக்கம் என்னன்னு கேக்குறாங்கப்பா."

"கல்யாணம், சாவு, மாதா தேரு. எழுது."

"அது நோக்கம் இல்ல. எதுக்காக வாசிக்கிறீங்க?"

"கூப்பிட்டாங்க, போனோம்."

"இங்க யாரு கூப்பிட்டா?"

"இங்க ஒருத்தரும் கூப்பிடல. அதனாலதானே மானியம் கேக்குறோம்?"

அவள் பேனாவைக் கடித்தாள். "சரி. சமூகத்துக்கு என்ன பலன்?"

"அழுவுறவனுக்கு நடக்கத் தெம்பு வரும்."

அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அதை அப்படியே இங்கிலீஷில் எழுதினாள். எழுதியதைப் படித்துக் காட்டினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது, அதுவே நன்றாகத்தான் இருந்தது.

கூட்டக் குறிப்புகளைக் குணம் தமிழில் எழுதி வைத்திருந்தார். அவள் மொழிபெயர்த்தாள். ஒவ்வொரு கூட்டத்தின் கடைசியிலும் ஒரே வரிதான்: தலைவர் மௌனமாக இருந்தார், தீர்மானம் நிறைவேறியது.

"சவரி மாமா பேசவே மாட்டாராப்பா?" என்றாள். "போன்லதானே கலந்துக்கிறார்?"

"அவரு பேசமாட்டாரு. தங்கமான மனுசன்."

தலைவரின் விலாசம் என்று ஒரு கட்டம் இருந்தது. காசிமேடு கல்லறைத் தோட்டம், வடக்கு வரிசை என்றேன். உள்ளதைத்தானே சொல்ல முடியும்? அவள் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள். "தோட்டமா? பெரிய இடமா இருக்கும்போல," என்றாள். ஆமாம், பெரிய இடம்தான் என்றேன். கல்லறை என்ற சொல் அந்தப் பிள்ளைக்கு மறந்துபோயிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

5

விண்ணப்பத்தைப் படித்துவிட்டு வாரியத்திலிருந்து மார்கரெட் என்ற அம்மாள் ஒத்திகையைப் பார்க்க வந்தார். என் வயதுதான் இருக்கும். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முழு மார்ச்சையும் கேட்டார், காலால் தாளமும் போட்டார். நான் அன்றைக்கு வாசித்த வாசிப்பைக் கேட்டிருந்தால் மாதாவே தேரிலிருந்து இறங்கி நடந்து வந்திருப்பாள். இங்கிலீஷுக்காக ஸ்டெல்லாவைக் கூட்டி வந்திருந்தேன்.

"உங்கள் தலைவரைத்தான் நான் பார்க்கவே இல்லை," என்றார் அந்த அம்மாள். "குறிப்புகளைப் படித்தேன். மிகவும் அமைதியான மனிதர் போலிருக்கிறது. இன்று வந்திருக்கிறாரா?"

"ஓமோம்," என்று குணம் கையைக் காட்டினார். "அந்தா, அந்தக் கதிரையில."

மார்கரெட் காலி நாற்காலியைப் பார்த்தார். ஸ்டெல்லாவும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், சன்னமான குரலில் கேட்டாள்.

"அப்பா, சவரி மாமா எங்க?"

"காசிமேட்டுல."

"காசிமேட்டுல எங்க?"

நான் தரையைக் காட்டினேன்.

"நான் அவருக்கு கிறிஸ்மஸ் கார்டு அனுப்பியிருக்கேன்ப்பா!"

"தெரியும். ஜோசப்பு கொண்டுபோய் வெச்சிட்டு வந்தான். மேல ஒரு கல்லு வெச்சானாம், பறக்காம இருக்க."

அவள் முகம் சிவந்துவிட்டது. சிரிக்கிறாளா அழப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் நிமிர்ந்து நின்று அந்த அம்மாளுக்கு முழுக்க எடுத்துச் சொன்னாள். டிரம், கீபோர்டு, பிடித்த சட்டை எல்லாம். நான் அவளுக்கு இதையெல்லாம் எப்போது சொன்னேன்? வீட்டில் போனில் கத்தியதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறாள்.

மார்கரெட் அம்மாள் சிரிக்கவில்லை. தலைவரைக் கேட்பதைத் தன் முன்னால் ஒரு தடவை செய்து காட்டச் சொன்னார். ஒத்திகைக்கு இனிமேல் காப்பிதான் என்று ஒரு தீர்மானம் போட்டு, தலைவரைக் கேட்டு, எல்லாரும் வாய்மூடி உட்கார்ந்தோம். அந்த அம்மாளும் உட்கார்ந்தார். கொதிகலன் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நல்ல கூட்டத்தில் தான் உட்கார்ந்ததில்லை என்றார். அதற்கப்புறம், பொதுப்பணம் வாங்குகிற சங்கத்துக்கு உயிரோடு இருக்கிற தலைவர் வேண்டும் என்றார். இங்கேயே குடியிருக்கிறவராக, கேட்டால் பதில் சொல்கிறவராக. மாதக் கடைசிக்குள் கூட்டம் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்தோடு அனுப்பினால் விண்ணப்பம் நிற்கும், இல்லாவிட்டால் தள்ளுபடி.

"அப்ப அவரைக் கௌரவத் தலைவர் எண்டு போடுவம் அண்ணை," என்றார் குணம், அந்த அம்மாள் போன பிறகு.

அதை அப்படியே ஜோசப்பிடம் போனில் சொன்னேன்.

"அந்தப் போஸ்ட்டு வட்டச் செயலாளருக்குக் குடுக்குறது மாமு," என்றான். "டொனேசன் குடுத்துட்டு மாலய வாங்கிகினு பூடுறவனுக்கு. எங்கண்ணன் ஒரு கூட்டத்துக்காவது வராம இருந்தாரா?"

6

என் மனைவி ஃபிலோ சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"இன்னா, வாயெல்லாம் பல்லாக் கீது?"

"எனக்கா?"

"அந்தம்மா வேற தலைவர் வேணும்னு சொன்னதுலருந்து பாக்குறேன். அந்த மனுசன எழுப்பிட்டு அங்க ஒக்காரணுமா நீ?"

"நான் கேக்கவே இல்லியே!"

"நீ கேக்கல. கண்ணாடி முன்னால நின்னு மீசயச் சீவிகினே கீறியே, அத்த யாரு சீவச் சொன்னது?"

எனக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தக் கிளையை வெறும் நிலவறையிலிருந்து ஒட்டி நிமிர்த்தியவன் நான். ராயபுரத்திலேயே நான்தான் அடுத்த தலைவர் என்று பேச்சு இருந்தது. ஆனால் படுத்தால் ஒரே கனவுதான் வந்தது. மாதா கோயில் தெருவில் பேண்டு போகிறது. தெரு முழுக்கப் பனிமூட்டம், நம் ஊர் நிலக்கரித் தூசியே வெள்ளையாக மாறிவிட்ட மாதிரி. முன்னால் சவரி அண்ணன் முதுகு தெரிகிறது, பெரிய டிரம் தெரிகிறது. அவர் வேகமாக நடக்கவில்லை, நானும் மெதுவாக நடக்கவில்லை, ஆனாலும் அந்தத் தூரம் குறையவில்லை. நடந்துகொண்டே இருந்தால் தெரு காசிமேட்டுக்கும் போகவில்லை, கல்மண்டபத்துக்கும் போகவில்லை, தண்ணீர் மேலே போகிறது. யாரும் நனையவில்லை. விழித்தால் ஜன்னல் கண்ணாடியில் பனி ஒட்டியிருக்கும். எந்தப் பக்கம் ஊர் என்று கொஞ்ச நேரம் பிடிபடாது.

ஜோசப்பிடம் மறுபடி பேசினேன்.

"பசங்க இன்னா சொல்றானுங்க?"

"நாலு பேரும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுட்டானுங்க. செல்லையா ஸ்வெட்டரே வாங்கிட்டான். இந்த வெயில்ல போட்டுகினு சுத்துறான்."

"அப்ப?"

"அப்ப இன்னா அப்ப? எங்கண்ணன எறக்கிட்டு நாங்க பிளேன் ஏறணுமா?"

அவனே சொன்னான், "தலைவரையே கேட்டுடலாம். முறைப்படி. அங்க நீங்க ஒக்காருங்க, இங்க நாங்க ஒக்காருறோம்."

"அவரு எப்பவும் சும்மாதானே இருப்பாரு ஜோசப்பு? சும்மா இருந்தா சரின்னுதான் அர்த்தம். அவர எறக்கறதுக்கு அவரே சரின்னு சொன்ன மாதிரி ஆவும்."



"இது அழுவாச்சி ஆட்டம் மாமு," என்றான்.

"தெரியுது."

"ஒன்னாலயும் அவர எறக்க முடியாது, என்னாலயும் முடியாது. ஆனா செல்லையா ஸ்வெட்டர வாங்கிட்டான்."

7

ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குக் காலைப் பூசை முடிந்த நேரம், அவர்களுக்கு அந்தி. நிலவறையில் சர்ச் போனை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டோம். ராயபுரத்தில் ஜோசப்பு தன் வீட்டு வாசலில் அந்த இரும்பு நாற்காலியைப் போட்டு, புதிதாக வாங்கிய செல்போனை அதன் மேலேயே வைத்திருந்தான். பசங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லா குறிப்பு எழுத வந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். குணம் வாரியத்தின் விதியைச் சொன்னார். ஜோசப்பு எதுவும் சொல்ல மாட்டேன் என்று சொன்னான். அப்புறம் செல்லையாவின் குரல் கேட்டது, முதல் நாள் கேட்ட மாதிரியே.

"தலைவரே, ஒங்கள எறக்கச் சொல்றாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

எல்லாரும் வாயை மூடினோம்.

இங்கே வந்த பிறகு நான் கேட்டதெல்லாம் இங்கத்து மௌனம், கொதிகலன் முனகுகிற மௌனம். அன்றைக்குப் போன் நாற்காலி மேல் இருந்தது. தலைவர் உட்காருகிற இடத்திலிருந்து ராயபுரம் வந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டி பெட்டியாக இடித்துக்கொண்டு நின்றது. மாதா கோயிலில் மணி அடித்தது. பந்து சுவரில் பட்டு, "அவுட்டுடா டேய்," என்று எவனோ கத்தினான். காக்கைகள். ஒரு ஆட்டோ. அதற்கெல்லாம் பின்னால், காது கொடுத்தால் மட்டும், தண்ணீர். ஸ்டெல்லா எழுதுவதை நிறுத்திவிட்டுப் போன் பக்கம் குனிந்திருந்தாள். அவள் உதடு அசைந்தது. மணியை எண்ணுகிறாள் என்று தோன்றியது. பத்து வயது வரைக்கும் அந்த மணிக்குத்தான் விளையாட்டை விட்டு வீட்டுக்கு ஓடி வருவாள்.

இன்னும் கொஞ்ச நேரம் போனால் யாராவது "வேணாம்னு சொல்லல" என்று சொல்லியாக வேண்டும். யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம்.

அப்போது போனில் ஒரு பெண் குரல்.

"இன்னாடா, எல்லாரும் வாயில கொழுக்கட்ட வெச்சிகினு கீறீங்க?"

சவரி அண்ணனின் சம்சாரம் ஆரோக்கியம் அக்கா. அதே வீட்டின் பின்கட்டில் இருக்கிறார். காசிமேட்டில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வருகிற நேரம். எங்கள் கூட்டத்தில் அவர் உட்கார்ந்ததில்லை. நாங்கள் கூப்பிட்டதும் இல்லை.

ஜோசப்பு மெதுவாக விஷயத்தைச் சொல்வது கேட்டது. கூடையைக் கீழே வைக்கிற சத்தம்.

"அவரையா கேட்டீங்க? கட்டிகினு வந்த நாளா எங்கிட்டயே அந்த மனுசன் நாலு வார்த்த பேசுனதில்ல. இப்ப ஒங்ககிட்டப் பேசப்போறாராமா?"

"அண்ணி, அது வந்து, நம்ம முறை..."

"எந்திரிக்கச் சொல்லு அவர."

"அண்ணி!"

"எத்தினி வருசமா ஒக்காந்துகினே கீறாரு? காலு மரத்துப் பூட்டிருக்கும். கப்பல்ல மூட்ட எறக்குன நாள்லயும் நீங்க போட்டுக்கிற சண்டையத் தீக்கறதுக்கு இங்க வந்து ஒக்காருவாரு. சோறு ஆறிப் பூடும். செத்ததுக்கு அப்பாலயும் ஒக்காத்தி வெச்சிருக்கீங்களே, அந்த மனுசன் தூங்க வேணாமா?" அக்காவின் குரல் கொஞ்சம் தடுமாறியது. உடனே நிமிர்ந்தது. "போதும். எந்திரிச்சி வூட்டுக்கு வரச் சொல்லு. நான் கூட்டிகினு போறேன். ஒங்க சண்டய இனிமே நீங்களே போட்டுக்கங்க."

போனை யாரோ கையில் எடுத்தார்கள். இரும்பு நாற்காலி சிமெண்டுத் தரையில் கீறிக்கொண்டு போகிற சத்தம் எங்கள் நிலவறை முழுக்கக் கேட்டது. அது உள்ளே போய்க் கதவைத் தாண்டி, பின்கட்டுக்குப் போய் நின்றது. கோவாக்காரர் ஒருவர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்தோம். வெள்ளைக்காரக் கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். தமிழ் தெரியாவிட்டாலும் அந்தச் சத்தம் அவர்களுக்குப் புரிந்தது.

குணம் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, உங்கட பேரை நான் முன்மொழியிறன்."

மலையாள நர்ஸ் ஆமோதித்தாள். நான் மார்பை நிமிர்த்த வேண்டிய நேரம். பழக்கத்தில் எல்லாரும் நிலவறை மூலையில் இருந்த நாற்காலியின் பக்கம் திரும்பினோம். திரும்பிய பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு தீர்மானத்துக்கு நாங்களாகச் சம்மதம் சொன்னதே இல்லை. எப்படிச் சொல்வார்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

"கை தூக்கணும்ப்பா," என்றாள் ஸ்டெல்லா. "சரின்னு நினைக்கிறவங்க கை தூக்கணும். நான் எண்ணுவேன்."

குணம் தூக்கினார். நர்ஸ் தூக்கினாள். கிழவர்கள், கோவாக்காரர்கள், ஒவ்வொருவராக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கூச்சத்தோடு. ஸ்டெல்லா பேனாவால் ஒவ்வொரு கையாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். எண்ணி முடிக்கிற சமயத்தில் தன் இடது கையையும் தூக்கிக்கொண்டாள்.

"நீ மெம்பர் இல்லியே," என்றேன்.

"நம்ம பேண்டுதானே?" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

போன் கரகரத்தது.

"மாமு," என்றான் ஜோசப்பு. மூக்கு அடைத்த குரல். "இங்க நாங்களும் தூக்கிகினு கீறோம். அண்ணியுந்தான். தெரியுதா?"

ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. கடல் இல்லை, தெரு இல்லை, கிரேன்களின் தலைகூட இல்லை. முழுக்க வெள்ளை.

"தெரியுது ஜோசப்பு," என்றேன். "கீழ போடாதீங்க. எண்ணிகினு கீறோம்."